மனைவி வரையறுக்கப்படவில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அதை அவள் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளும் நிலையில் நான் இல்லாததால், பார்வைக்கு நலம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் மேஜைக்கு அந்தப் பக்கம் கேட்கும். கணினியில் தட்டிக்கொண்டிருந்தால் வேலை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். உன் அக்கா என்னோடு பேசி இன்றோடு பத்து நாள் ஆகிறது. உனக்கும் போன் செய்திருக்க மாட்டாள். காரணம், நான் கணினியில் தட்டச்சு செய்கிற எடிட்டருக்கு நீ அமைத்துக் கொடுத்த நிறங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக ஆளுக்கொரு கணினியை வைத்துக்கொண்டு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அவள் மூலத்தை உரக்கப் படிப்பாள், நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் தட்டுவேன், பிறகு அவள் என் பிழைகளைக் கண்டுபிடிப்பாள். வெள்ளைத் திரை கண்ணைக் குத்துகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லப்போக, போன தடவை வந்தபோது நீ ஒரு அமைப்புக் கோப்பு எழுதிக் கொடுத்தாய். “மேல ஒரு பேர் வச்சு, இதுதான் நிறம்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க அத்தான். கீழ எங்கெங்க வேணுமோ அந்தப் பேரை மட்டும் போடுங்க. நாளைக்கு மேல ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும். இதுக்குப் பேரு மாறி” என்றாய். ஒரு இடத்தில் மாற்றி எல்லா இடத்திலும் மாறிய எதையும் நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை, அதனால் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டேன். நிறம் ஒன்று, நிறம் இரண்டு என்று வைத்தால் மறந்துபோகும், மறக்காத பெயராக வையுங்கள் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். எனக்கு மறக்காத பெயர்கள் என்றால் குடும்பம்தான்.

பின்னணி நிறத்துக்கு ‘மாமனார்’ என்று வைத்தேன். உன் அப்பா எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் இருப்பவர், அடர்ந்த சாம்பல் அவருக்குப் பொருந்தும். எழுத்துக்கு ‘நான்’. பிழைகளைக் காட்டும் சிவப்புக்கு ‘மனைவி’. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக என் பிழைகளைக் காட்டிக்கொண்டிருப்பவள் அவள், அந்த வேலைக்கு இன்னொரு பெயர் எனக்குத் தோன்றவில்லை. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் குறிப்பு வரிகள் இருக்கிறதே, கணினி காதில் வாங்கிக்கொள்ளாமல் தாண்டிப்போகுமே, அவற்றின் நிறத்துக்கு ‘மச்சான்’ என்று வைத்தேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கோப்பு முழுக்க ‘இதைத் தொடாதீர்கள் அத்தான்’, ‘இதையும் தொடாதீர்கள்’, ‘சொன்னால் கேளுங்கள்’ என்று நீ எழுதி வைத்திருந்த வரிகள் தொல்லையாக இருந்தன. அதனால் மச்சானைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கி, கடைசியில் மாமனாரும் மச்சானும் அநேகமாக ஒரே நிறம் என்ற கட்டத்துக்குக் கொண்டுவந்தேன். திரை சுத்தமாகிவிட்டது.

இதையெல்லாம் ஒரு திங்கட்கிழமை முடித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான் தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் உன் அக்காவும் எங்கோ வெளியே போய்த் திரும்பியிருந்தாள். எங்கே போனாய் என்றேன். என் திரையை விரலால் காட்டினாள். போய்ப் பார்த்தேன், அமைப்புக் கோப்பு திறந்திருந்தது. அவள் அதைத் திறக்கக் கூடியவள்தான். திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டி ஒட்டிப் பசை பிடிக்கிறது என்று, இனிமேல் என்னிடம் எதைச் சொல்வதானாலும் நான் காலையில் முதலில் திறக்கும் அந்தக் கோப்பின் தலையில் குறிப்பாக எழுதிவை என்று நானே சட்டம் போட்டிருந்தேன். அவள் கணினியிலிருந்தும் அதைத் திறக்கலாம், அவள் பக்கம் இன்னும் பழைய வெள்ளைத் திரைதான். ஆக, எனக்குக் குறிப்பு எழுதப் போனவள் பெயர்களைப் பார்த்துவிட்டாள், குறிப்பு எழுதாமலே திரும்பிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். கோப்பின் தலையில் ஐந்தாறு வரி காலியாக இருந்தது. எழுதக்கூட மனம் வரவில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமை, என்னதான் பிரச்சினை என்று கேட்டேன். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கழுத்து மட்டும் வந்துவிட்டது, இனித் தாங்காது என்று அர்த்தம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கோபத்தை விழுங்க வெந்நீர் நல்லது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் சால்வை வேறு. எதிரே உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறாள், தட்டி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல், முழுவதுமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மாமனார் பின்னணியானது, நீ மங்கலானது, அவள் சிவப்பானது எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இது மட்டும் போதாது என்கிறாள் போல என்று நினைத்து, மாடிப்படி விளக்கை உடைத்தது காற்று இல்லை, நான்தான் என்றேன். புருவம் ஒரு படி ஏறியது. பலன் தெரிகிறது என்று தெம்பு வந்து, அந்தப் பச்சைத் திரைச்சீலை சலவையில் தொலையவில்லை, நானே தூக்கிப் போட்டேன் என்றேன். சாயங்கால நடை என்று நான் போவது முடிதிருத்தும் கடை பெஞ்சு வரைக்கும்தான் என்றேன். போன வருஷம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டபோது நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது என்றேன். இப்படி ஒன்பது விஷயம். அவள் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே அரைப் பக்கம் இடம் விட்டு எழுதிக்கொண்டாள். மன்னிப்பைப் பதிவு செய்கிறாள் என்று நினைத்தேன்.

அப்புறமும் பேசவில்லை. சரி, பெயரையே மாற்றிவிடலாம் என்று நேற்று கோப்பின் மேலே இருந்த ‘மனைவி’யை அழித்து ‘மகாராணி’ என்று போட்டுச் சேமித்தேன். கீழேயும் மாற்ற வேண்டும் என்பது எனக்கு ஞாபகமில்லை. நீ அதைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தாயோ என்னவோ, உன்னைத்தான் நான் மங்கலாக்கிவிட்டேனே. உடனே நிறமெல்லாம் போய்த் திரை பழையபடி வெள்ளையாகிவிட்டது, பாதித் திரையை மறைத்துக்கொண்டு ‘மனைவி வரையறுக்கப்படவில்லை, மனைவி வரையறுக்கப்படவில்லை’ என்று வரிசையாக நாற்பத்தொரு செய்தி வந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில் வெந்நீரோடு என் பின்னால் வந்து நின்றாள் உன் அக்கா. முழுவதையும் படித்தாள். கடைசி வரை படித்தாள். நான் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் மகாராணியை எடுத்துவிட்டு மனைவியைத் திரும்ப வைத்தேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் கோப்பின் தலையில் பச்சையில் ஏதோ வரிகள் தெரிந்த மாதிரி இருந்தது. உன் ‘தொடாதீர்கள்’ வகையறாதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த நாற்பத்தொன்று மனசில் உட்கார்ந்துகொண்டது. எண்ணிப் பார்த்தேன். மாமனார் இரண்டு இடத்தில் இருக்கிறார், நீ ஒரே இடம், ‘நான்’கூட ஆறு இடம்தான். இவள் மட்டும் நாற்பத்தொரு இடம். பிழைக்கு மட்டும் இல்லை, கர்சர் துடிக்கிற இடம், தேடினால் கிடைக்கிற சொல், நான் இப்போது நிற்கிற வரி, எங்கெல்லாம் கண் முதலில் போக வேண்டுமோ அங்கெல்லாம் நான் யோசிக்காமலே அவள் பெயரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கே இது நேற்றுத்தான் தெரிந்தது. இதை நான் போய்ச் சொன்னால் நோட்டில் பத்தாவதாக ஏறும். நீ சொன்னால் கேட்பாள்.

வேலையும் கெட்டுக் கிடக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கையேட்டை இந்த வாரம் கொடுக்க வேண்டும். நானே படித்து நானே தட்டியதில், ‘முதல் முறை பயன்படுத்தும் முன் குடும்பத்தினரை நன்றாக அலசவும்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. அடித்துத் திருத்தியிருந்தாள். சிரித்த தடயம் இல்லை. வீடு அமைதியாக இருந்தால் எனக்குப் பிடிக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், பிடிக்கவில்லை மச்சான். ‘எச்சரிக்கை’ என்று வருகிற பக்கங்களில் அவள் குரலைத் தாழ்த்திப் படிப்பாள், மின்சாரம் தாக்கும் என்பதை எனக்கு மட்டும் சொல்கிற ரகசியம் மாதிரி. அதைக் கேட்டுப் பத்து நாள் ஆகிறது. எப்படியாவது வந்து உன் அக்காவைப் பேச வை. திட்டினாலும் பரவாயில்லை, எவ்வளவு நேரம் திட்டினாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். மாமனாருக்கு வணக்கம், அவர் பின்னணியான விவரம் அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் எல்லோரும் ஆரோக்கியமாக, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையில் இருந்து நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பும் முன்னால், உன்னை மங்கலாக வைத்துக்கொண்டு உன்னிடமே உதவி கேட்பது அழகில்லை என்று தோன்றியது. மேலே போய் ‘மச்சா’னுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சமான நிறம் கொடுத்தேன். நீ சொன்னது உண்மைதான், ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிறது. கோப்பின் தலையில் காலி வரிகள் என்று நான் நினைத்த இடமெல்லாம் உன் அக்காவின் குறிப்புகள். அப்படியே கீழே தருகிறேன்.

செவ்வாய்: ‘அந்த உலர்த்தும் இயந்திரத்தின் கையேடு முந்நூறு பக்கத்தையும் கத்திக் கத்திப் படித்ததில் தொண்டை புண்ணாகிவிட்டது. பத்து நாள் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்கிறார் டாக்டர். மாத்திரைச் சீட்டு மேஜையில் இருக்கிறது, வாங்கி வாருங்கள். நிறப் பெயர்களைப் பார்த்தேன். சிரித்தால் வலிக்கும் என்பதால் பிறகு சிரித்துக்கொள்கிறேன்.’

புதன்: ‘மாத்திரை?’

வியாழன்: ‘நானே போய் வாங்கிக்கொண்டேன். தொண்டை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?’

வெள்ளி: ‘நீங்களாகவே எதற்கு இத்தனையும் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.’

நேற்று: ‘நான் வரையறுக்கப்படவில்லையா?’

இன்று: ‘நாளை காலை எட்டு மணியிலிருந்து பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது விஷயம் இருக்கிறது. எங்கும் போய்விடாதீர்கள்.’

ஆகவே நீ நாளை ஏழு மணிக்கே இங்கே இருப்பது நல்லது. அவளைப் பேச வை, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்தப் பத்தியை மட்டும் பழைய மச்சான் நிறத்தில் வைத்துப் படித்துக்கொள்.