ஆஸி வெட்டிய பெயர்கள்

பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குப் பள்ளி வேன் எங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் நிற்கவில்லை. அந்த வேனின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் ஆஸி. எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானில் எவருடைய பெயரையும் முழுசாக விட்டுவைக்காத மனிதர்.

ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்குப் போய் ஊர் திரும்பியவர். அங்கே எந்தச் சொல்லையும் பாதியில் வெட்டி, வாலில் ஒரு ‘இ’யோ ‘ஓ’வோ ஒட்டிவிடுவார்களாம். காலைப் பசியாறல் அவருக்கு ‘பிரெக்கி’. பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையம் ‘சர்வோ’. வந்த வாரமே எங்களையும் வெட்ட ஆரம்பித்தார். முனியாண்டியாகிய நான் ‘முனோ’ ஆனேன். கோவில் தலைவர் ‘தலோ’.

“யோவ், நான் தலைவர்யா!”

“நீளமா கூப்பிட்டா தூரத்து ஆளு மாதிரி இருக்குலா, தலோ!”

பதிலுக்கு ஊர் ஆஸ்திரேலியாவையே வெட்டி அவருக்கு ஆஸி என்று பெயர் வைத்தது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

அன்று மூன்றரை ஆயிற்று. மழை கொட்டியது. மற்றப் பிள்ளைகள் வீடு சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக இறங்க வேண்டிய என் எட்டு வயது யாழினியைத்தான் காணோம். ஆஸியின் கைப்பேசி உயிரோடு இல்லை. போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். நல்லவேளை, அங்கே இருந்தவர் தமிழர்.

“டிரைவர் பேரு?”

“ஆஸி.”

“ஐ.சி.ல, அடையாள அட்டையில உள்ள பேரு, அண்ணே.”

“ஊரே அப்படித்தான் கூப்பிடுது.”

“வேன் நம்பராச்சும்?”

“பின்னால கங்காரு படம் ஒட்டியிருக்கும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தலைவருக்குப் போன் அடித்துக் கேட்டேன். “கோவில்ல அர்ச்சனையே ஆஸிங்கற பேருலதான்யா நடக்குது!” என்றார். பெற்றோரின் வாட்சாப் குழுவில் கேட்டதற்கு ஒரு தாய், “அவருக்கு வேற பேரு இருக்கா?” என்று என்னையே கேட்டார். மூன்று வருடமாக, தினமும் காலையில், பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் என் ஒரே பிள்ளையை ஏற்றிவிட்டுச் சிரித்துக் கையசைத்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பி வாசலிலேயே நின்றேன். ஐந்து மணிக்கு மேல், செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. இடுப்பு வரை சேறு. காலில் செருப்பில்லை. முதுகில் யாழினி, அவள் தலைமேல் அவருடைய சட்டை. ஈஜோக் சாலையில் வெள்ளம் ஏறி வேன் நின்றுபோக, தோட்டத்து மேட்டுவழியே தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்.

ஓடினேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “உங்க பேரு என்னய்யா?” என்ற கத்தல்தான் வந்தது.

“பேரு கெடக்குது, முனோ. மொதல்ல பிள்ளைய வாங்கு, பசியில இருக்கு” என்றார் ஆஸி.