கருவாட்டு மாலை போட்ட புனிதரை மலையிலிருந்து இறக்குவது பற்றி

என் அக்காள் பெற்ற பிள்ளையும், ஆயர் வீட்டில் ஆயருக்கு அடுத்தபடி எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருப்பவருமான சில்வானோ சாமியாருக்கு, காஸ்தெல்ரூவோவிலிருந்து தாய்மாமன் எர்மேதே சொல்லி எழுதுவித்தது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலத்துக்கும் ஆயருடைய நலத்துக்கும் ஞாயிறு தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். பூசைக்குப் போகாத ஞாயிறுகளில் படுத்தபடியே வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராதென்று உனக்குத் தெரியும். தபாலாபீஸ் லொரேதாதான் எழுதுகிறாள். மருமகனே, வருகிற திருவிழாவுக்கு ஆயர் வந்து, மலையில் புதிதாய்ப் போட்டிருக்கும் புனிதர் நடைபாதையைத் திறந்துவைத்து, குகையில் இருக்கும் ஓர்தென்சியோ புனிதரின் சிலையை, அந்தச் சுரூபத்தை, கோயிலுக்கு இறக்கப் போகிறார், தோள் கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தாய். ஆள் கிடைக்கும். ஆனால் அவரை இறக்க முடியாது. ஏன் என்று கேள்.

ரஷ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினானே, அந்த வருஷம். சாராயக்கடை துல்லியோ ஊரிலேயே முதல் டெலிவிஷன் வாங்கி, வியாழக்கிழமை தோறும் கேள்வி-பதில் போட்டி பார்க்க அவரவர் நாற்காலியோடு வரணும் என்று சொன்னதும் அந்த வருஷம்தான். ஆசியாக் காய்ச்சல் வந்து பாதி ஊர் படுத்திருந்தது. மழை மட்டும் வரவில்லை. கொடியிலேயே திராட்சை சுருங்கி, அத்திப்பழம் சப்பாத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஓர்தென்சியோ மழைக்கான புனிதர், அவருக்கு வேறே வேலை கிடையாது. மூன்று தரம் அவரைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுப்பிரகாரம் வந்தோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம், பெண்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். ஆசாமி அசையவில்லை. அந்தக் காலத்தில் நம் ஊரில் புனிதர் வேலை செய்யவில்லையென்றால் தண்டிப்பது வழக்கம். முதலில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். அதுக்கும் மசியலேன்னா வெயில்ல நிறுத்துவாங்க. தண்ணியில்லாத கஷ்டம் தெரியட்டும்னு கழுத்துல உப்புக் கருவாட்டைக் கோத்து மாலையாப் போடுவாங்க. பங்குச் சாமியார் உல்தெரீகோ தடுத்திருப்பார், ஆனா அவரும் காய்ச்சல்ல கிடந்தார். ஜன்னல் வழியா, "அடே காட்டுமிராண்டிகளா, அவர் மோட்சத்துல இருக்கிறவர்டா!"ன்னு கத்தினார். கோவேறு கழுதை வெச்சிருந்த நத்ஸரேனோ கீழேயிருந்து, "அதான் சாமி, அங்கே நிழல்ல உக்காந்துக்கிட்டு எங்களை மறந்துட்டார்!"ன்னான். கழுதை மேல கட்டி, குகை வரைக்கும் கொண்டுபோய், கருவாட்டு மாலையோட வெச்சிட்டு வந்தோம்.

அன்னிக்குச் சாயங்காலமே மழை. மருமகனே, அதை மழைன்னு சொல்லக் கூடாது. கோவக்காரப் பொம்பளை வாளித் தண்ணியை எட்டி ஊத்தின மாதிரி நாள் கணக்கா ஊத்துச்சு. பாலம் போச்சு. அவரைச் சுமந்த அதே கழுதையை ஆறு அடிச்சிட்டுப் போச்சு. திராட்சைத் தோட்டக்காரன் குயின்தோவோட நிலவறையில தண்ணி ஏறி, மது பீப்பாயெல்லாம் வாத்து மாதிரி மிதந்து வாசல் வழியா வெளியே போச்சு. எல்லாத்தையும் விடப் பெரிய நஷ்டம் தெர்சீலியாவுக்கு, கதை உனக்குத் தெரியும். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குவால்தியேரோ ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டான். பாலம் இல்லை. மில்லுக்காரன் வீட்டுல தங்க வெச்சு, மில்லுக்காரன் மகள் அவனுக்குக் கொண்டைக்கடலை சூப்பு வெச்சுக் கொடுத்தா. தண்ணி வடிஞ்சப்போ அவங்க ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு நின்னாங்க. தெர்சீலியா இந்தக் கரையில கல்யாண உடுப்போட நின்னா. நானும் பக்கத்துல நின்னேன். எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை, சும்மா நின்னேன்.

துல்லியோ கடையில கூட்டம் போட்டோம். கேட்டது மழை, இவர் கொடுத்தது பழிவாங்கல். அதனால நஷ்டப்பட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் புனிதர் மன்னிப்புக் கேக்கணும், அவங்க மன்னிச்சாத்தான் கீழே இறங்கலாம்னு தீர்ப்பு. ஊரே சத்தியம் பண்ணுச்சு. சத்தியம்னா சத்தியம்தான், ஆயர் வந்தாலும் மாறாது. புனிதர் எப்படி மன்னிப்புக் கேப்பார்னு நீ சிரிக்காதே. நத்ஸரேனோ வீட்டு வாசல்ல ஒரு நாள் காலையில யாரோட கழுதைன்னே தெரியாத ஒரு கழுதை வந்து நின்னுச்சு. அவன் மேலே மலையைப் பார்த்து, "சரி, போ, ஏத்துக்கிட்டேன்"னான். குயின்தோ சாகக் கிடக்கும்போது மன்னிச்சான். சீக்கிரமே நேர்ல பாக்கப் போறோம், எதுக்கு வம்புன்னு நினைச்சிருப்பான். தெர்சீலியா மட்டும் மன்னிக்கலை. வருஷா வருஷம் அந்த நாள் வந்தா புதுக் கருவாட்டு மாலை கட்டி, குகைக்கு ஏறி, பழசைக் கழட்டிப் பூனைக்குப் போட்டுட்டுப் புதுசைப் போட்டுட்டு வரா. இன்னிக்கும் ஏறுறா. என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவள், முழங்கால் இரும்பு.

இப்போ உங்க நடைபாதைக்கு வரேன். பாறைக்குப் பாறை சிவப்பும் வெள்ளையுமா பட்டை அடிச்சிருக்காங்க, என் கோழிக் கூட்டுலயும் அடிச்சாச்சு. ரெண்டு கையிலயும் ரெண்டு ஊன்றுகோல், முதுகுல ஒரு வீடு, இப்படி மிலான்ல இருந்தெல்லாம் வராங்க. ஒரு குடும்பம் என் கோழிக் கூட்டு முன்னால முழந்தாள் போட்டு ஜெபம் பண்ணிட்டுப் போச்சு; கோழி அன்னிக்கு முட்டை வைக்கலை. விவரப் பலகை எழுத வந்த படிச்ச பொண்ணு என்கிட்ட, "தாத்தா, கழுத்துல மீன் மாலை எதுக்கு?"ன்னு கேட்டுச்சு. "அவருக்குத் தாகம் எடுக்கட்டும்னு"ன்னேன். பலகையில என்ன எழுதியிருக்குன்னு லொரேதா படிச்சுக் காட்டினா: ஆதிக் கிறிஸ்தவர்களின் ஆன்மிகத் தாகத்தின் அடையாளமாம். புனிதர் தனிமையை விரும்பித் தாமே இந்தக் குகையைத் தேர்ந்துகொண்டாராம். தண்டனைக் கைதியை இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆகவே, மருமகனே, நான் கேட்பது ஒன்றுதான். பூமியில் புனிதர்களுக்கு மேலதிகாரி ஆயர்தானே? அவர் குகைக்கு ஏறி, புனிதருக்குப் பதிலாக, எல்லார் முன்னாலும், "தெர்சீலியா அம்மா, எங்க ஆள் தப்புப் பண்ணிட்டார், மன்னிச்சிடு" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இதில் உன் மாமனுக்கு என்ன லாபம் என்று கேட்பாய். மறைக்க மாட்டேன். அந்த ஆற்றங்கரையில் அவள் பக்கத்தில் நின்றவன் அதற்கப்புறம் வேறே எங்கேயும் நிற்கவில்லை. வருஷா வருஷம் கேட்கிறேன். "புனிதர் மன்னிப்புக் கேக்கட்டும் எர்மேதே, அப்புறம் நம்ம கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்" என்கிறாள். எனக்குத் தொண்ணூறு ஆகப் போகிறது. புனிதருக்கு அவசரமில்லை, எனக்கு இருக்கிறது. ஆயர் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் சுரூபம் இறங்கும், நானும் கரையேறுவேன், பூசையை நீயே வைக்கலாம்.

ஆயருடைய மோதிரத்துக்கு என் முத்தம். உன் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்தேன். மெலிந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், ஆயர் வீட்டுச் சமையற்காரியைத் திட்டு. கர்த்தர் உன்னையும் உன் சாவிக்கொத்தையும் காப்பாராக.

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் ஆயரிடம் சொல்ல வேண்டாம். லொரேதா வாய் சும்மா இருக்குமா? கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் தெர்சீலியாவிடம் படித்துக் காட்டிவிட்டாள். அவள் ஊன்றுகோலும் இல்லாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாள். "யோவ், உனக்கு மூளை இருக்கா? நான் அவரை மன்னிச்சு எத்தனையோ காலம் ஆச்சு"ன்னா. சந்தையில குவால்தியேரோவைப் பாத்தாளாம், மூக்கு சிவந்து, காலையிலேயே தள்ளாடிக்கிட்டு, அவனைக் கட்டிக்கிட்ட அந்த மில்லுக்காரன் மகள் ரோட்டுல வெச்சு அவனை அடிச்சிட்டிருந்தாளாம். அன்னிக்கே குகைக்குப் போய்ப் புனிதரோட கால்ல முத்தம் கொடுத்து நன்றி சொல்லிட்டாளாம். "அப்போ கருவாடு?"ன்னேன். "பூனைக்கு. மலை ஏறினா ஒரு நாளாவது உன் தொல்லை இல்லாம இருக்கலாமேன்னு." "அப்போ கல்யாணம்?" "உன்னை வேணாம்னு முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரலைய்யா. புனிதர் மேல பழியைப் போட்டா அவர் கோவிச்சுக்க மாட்டார்னு போட்டேன்"னு சொல்லிட்டு, என் அடுப்புல இருந்த சூப்பையும் ருசி பாத்து, உப்பு பத்தலைன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஆகவே அவள் பக்கம் தடை எதுவும் இல்லை. ஆனாலும் சாமியாரே, சுரூபம் இறங்காது. ஊர்ச் சத்தியம் அப்படியே இருக்கிறது, நஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் மன்னிக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு நஷ்டம் இல்லை என்று சொன்னது தப்புக் கணக்கு. ஆயர் குகைக்கு வந்து மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல். புனிதர் மேல் புகார் வைத்திருப்பவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் கடைசி ஆள்: எர்மேதே.