செவ்வாய்க்கிழமை காட்டிய வீரம்

உலக யுத்தத்தில் நம் பக்கம் ஜெயித்ததற்குத் துப்பாக்கிதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். விமானம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. காரணம் ரிஜிஸ்டர். ஜப்பான்காரனிடம் கப்பல் இருந்தது, விமானம் இருந்தது, உயிரை விடத் தயாராக ஆட்களும் இருந்தார்கள். ஆனால் எதையும் மூன்று பிரதிகளில் எழுதி வைக்கும் குமாஸ்தா இருந்தானா? இருந்திருந்தால் தோற்றிருப்பானா?

இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நானும் அந்த யுத்தத்தில் இருந்தவன். பர்மாவில் பாலம் கட்டும் ஒரு ராணுவக் கம்பெனியில் மூன்று வருஷம் பேனா பிடித்தேன். காயமும் உண்டு. வலது கை நடுவிரலில் பேனா அழுத்திக் காய்த்த இடத்தை இன்றைக்கும் காட்டுவேன். யுத்தம் முடிந்ததும் சர்க்கார் என் சேவையை மெச்சி, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் "படைவீரர் பதிவேடுகள் திருத்தப் பிரிவு" என்ற ஆபீஸில் உத்தியோகம் கொடுத்தது. மாட்டுங்காவில் எட்டு ஐம்பத்திரண்டு லோக்கலைப் பிடித்தால் பத்து மணிக்கு நாற்காலியில் இருக்கலாம்.

எங்கள் ஆபீஸின் கீர்த்தி சாமானியமானதல்ல. பெயரில் "திருத்தம்" இருக்கிறதே தவிர, 1946 ஜூன் மாதம் வரை வந்த ஆயிரத்து எண்ணூறு மனுக்களில் ஒன்றுக்காகக்கூட நாங்கள் எதையும் திருத்தியதில்லை. சோம்பேறிகள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு மனுவையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மனுதான் பதிவேட்டுக்கு மாறாக இருந்தது.

ஆயிரத்து எண்ணூற்று ஒன்றாவது மனு, மழை கொட்டிய ஒரு திங்கட்கிழமை, நொண்டிக்கொண்டே உள்ளே வந்தது. மனுதாரர் பெயர் ரஹ்மத்துல்லா. திருநெல்வேலிச் சீமைக்காரர், தாராவியில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. கூட அவர் மனைவி சைனப். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணவரைவிட ஓர் அடி முன்னால் நின்றாள்.

"மகாதேவன் சார்தானே?" என்று ரஹ்மத்துல்லா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கம்பெனி ரைட்டரு. பர்மாவுல ஒங்க கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம் எனக்கு."

"இங்கே முகத்தை வைத்து அடையாளம் காணும் வழக்கம் இல்லை" என்றேன். "நம்பர் என்ன?"

நம்பரைச் சொன்னார். விஷயத்தையும் சொன்னார்.

"சேக்காளி மவனுக்கு நிக்காஹ் சார். மெடலைக் குத்திட்டு வரணும்னு ஒத்தக்கால்ல நின்னான். குத்திட்டுப் போனேன். தெருமுக்குல போலீஸு ஹவல்தார் நிப்பாட்டி, இது ஏது, காகஜ் இருக்கான்னு கேட்டான்."

"காகிதம் இருந்ததா?"

"சண்டையில எவன் சார் காகிதம் குடுத்தான்? ஜெனரலு நெஞ்சில குத்திவிட்டுக் கை குடுத்தாரு. அம்புட்டுதான்."

"கை கொடுத்ததற்கு ரசீது?"

அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். ரசீது அங்கே இல்லை.

ஹவல்தார் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எங்கள் ஆபீஸுக்கு எழுதியிருந்தார். ஒரு கடிதத்துக்குப் பதில் போட எங்களுக்கு வழக்கமாக ஏழு மாதம் ஆகும். இதற்கு மூன்றே நாளில் பதில் போயிற்று. "மேற்படி நபருக்குப் பதக்கம் ஏதும் இல்லை" என்று எழுதுவதில் ஓர் உற்சாகம் இருக்கத்தான் செய்கிறது. பதிலின் பலன்: பதக்கம் போலீஸ் சௌக்கி அலமாரியில். ரஹ்மத்துல்லா பேரில் சர்க்கார் சொத்தைத் திருடிய வழக்கு. பதக்கத்தின் விளிம்பில் அவர் பெயரும் நம்பரும் பொறித்திருந்தன. அதனால் போலீஸாரின் சந்தேகம் இன்னும் வலுத்தது. தன் பெயர் பொறித்த பொருளாகப் பார்த்துத் திருடுகிறவன் சாதாரணத் திருடனாக இருக்க முடியாது அல்லவா?

விசாரணை ஜூலை நாலாம் தேதி. அதற்குள் பதிவேட்டைத் திருத்தி நாங்கள் ஒரு சான்று கொடுத்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் ஜெயிலுக்குப் போகலாம்.

சூப்பரிண்டெண்ட் ஜகந்நாதன் பைலைத் தருவித்தார். அவர் மாட்டுங்காவில் எனக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருப்பவர். தம் மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறெதையும் நம்பாதவர். பைலில் இரண்டு காகிதங்கள் இருந்தன. முதலாவது, பதக்கப் பதிவேட்டின் பக்கம்: "1945 பிப்ரவரி 22, வியாழன். குண்டு மழைக்கிடையே வடத்தோடு ஆற்றில் நீந்தி, கட்டு அறுந்த தோணியைக் கரைக்கு இழுத்து, காயம்பட்ட பதினொருவரைக் காத்தார்." இரண்டாவது, ஆஸ்பத்திரிப் பதிவு: "பிப்ரவரி 20, செவ்வாய் மாலை. தொடையில் குண்டுச் சில்லு. மார்ச் 19 வரை படுக்கை." தணிக்கைக்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொடுத்த பதக்கத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை நீர் எங்கே இருந்தீர்?" என்று ஜகந்நாதன் கேட்டார்.

"ஆஸ்பத்திரில சார்."

"ஆறு எங்கே இருந்தது?"

"அது அங்கனயேதான் இருந்துச்சு."

"ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"அறுவது மைல் இருக்கும்."

"அறுபது மைல் தள்ளிப் படுத்துண்டு எப்படி ஓய் நீந்தினீர்?"

"நீந்துனது செவ்வாக்கெழம சார். சில்லு பட்டதும் அன்னிக்குத்தான். அதனாலதான் ஆஸ்பத்திரிக்கே போனேன்."

"ரிஜிஸ்டர் வியாழன்னு சொல்றது."

"ரிஜிஸ்டர் ஆத்துல எறங்கலையே சார்."

ஜகந்நாதனுக்கு இது பிடிக்கவில்லை. ரிஜிஸ்டரைப் பற்றி யாரும் அவர் எதிரில் இப்படிப் பேசியதில்லை. ரஹ்மத்துல்லா அவசரமாக வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கித் தொடைத் தழும்பைக் காட்டினார். ஜகந்நாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, தழும்பை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"இதிலே தேதி இல்லையே" என்றார்.

சைனப் வாயைத் திறந்தாள். "ஐயா, செவ்வாக்கெழம பட்ட காயத்துக்கு வெசாழக்கெழம வந்து வீரம் காட்டுவாங்களா? சோறு தின்ன பொறவுதான ஏப்பம் வரும்?"

"ஒரு வழி இருக்கு" என்று ஜகந்நாதன் இரங்கினார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து போய் நீந்தினேன்னு எழுதிக் குடும். பதக்கம் நிக்கும்."

"அப்ப வழக்கு போயிருமா சார்?"

"இந்த வழக்கு போயிடும். உத்தரவு இல்லாமே ஆஸ்பத்திரியை விட்டு ஓடினதுக்கு வேறே வழக்கு வரும். அதுக்கு ஒரு வருஷம்."

இந்தச் சமயத்தில்தான் நான் பதக்கப் பதிவேட்டின் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். என்ன எழுத்து! ஒவ்வொன்றும் கோத்து வைத்தாற்போல. தணிக்கைக்காரர்களின் சிவப்புக் கோட்டை விட்டால் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, மைத்துளி இல்லை. எழுதியவரைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எழுதியவன் நான்.

இங்கே சற்று விளக்க வேண்டும். 1945 பிப்ரவரி 20 செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெறுவாய் என்பது போதாதென்று அஷ்டமி வேறு. அன்று சாயங்காலம்தான் காப்டன் என் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, பதக்கங்களுக்கென்று புது ரிஜிஸ்டர் போட்டு ரஹ்மத்துல்லாவின் பெயரை முதலில் எழுதச் சொன்னார். அஷ்டமியில் புது ரிஜிஸ்டரா? பாலக்காட்டில் பிறந்தவன் செய்கிற காரியமா? மறுநாள் நவமி. அதற்கும் மறுநாள் தசமி, வியாழக்கிழமை. விடியற்காலையில் குளித்து, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். வீரம் காட்டிய அன்றைக்கே பதிய வேண்டும் என்பது விதி. விதியை நான் மீறுவதா? வீரத்தை வியாழக்கிழமைக்கு நகர்த்தினேன்.

அந்த ஒன்றோடு நிறுத்தவும் இல்லை. எங்கள் கம்பெனியில் கடைசி வரை ஒருவர்கூட அஷ்டமி நவமியில் வீரம் காட்டியது கிடையாது. எங்களுக்கு மேலிருந்த கர்னலே நல்ல நாள் பார்த்துத்தான் முன்னேறினார், பதிவேட்டின்படி. மற்றவர்கள் யாரும் அதே நாளில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரம் காட்டாததால் விஷயம் வெளியே வரவில்லை.

மத்தியான டிபன் வேளையில் ஜகந்நாதனிடம் தனியாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"அஷ்டமியிலே புது ரிஜிஸ்டரா? சிவ சிவா. நானா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன்."

"அப்போ தேதியைத் திருத்திடலாமா சார்? குமாஸ்தாவின் பிழைன்னு எழுதி நான் கையெழுத்துப் போடறேன்."

"ஓய், ஒரு தேதி தப்புன்னு நீர் கையெழுத்துப் போட்டா, நீர் எழுதின நானூத்திப் பத்துப் பதிவும் தப்புன்னு ஆகும். அதிலே கர்னலோடதும் இருக்கு. அவர் இப்போ டில்லியிலே நம்ம தலைக்கு மேலே உட்கார்ந்துண்டிருக்கார். அடுத்த மாசம் உம்ம ஹெட் கிளார்க் பைல் யார்கிட்டே போறது?"

"அவர்கிட்டேதான்."

"பின்னே என்ன?"

"ரஹ்மத்துல்லா ஜெயிலுக்குப் போயிடுவாரே சார்."

"குண்டு மழையிலே ஆத்தை நீந்தினவர். மூணு மாசத்தை நீந்த மாட்டாரா?"

ஆனாலும் ஜகந்நாதன் நியாயஸ்தர். மனுவைக் கூட்டத்தில் வைத்தார். மூன்று மணி நேரம், இரண்டு காப்பி. உதவிக் குமாஸ்தா அனந்தகிருஷ்ணன் புதுக்கருத்து ஒன்று சொன்னார்: 1945 பிப்ரவரி 20 செவ்வாய்க்கிழமைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? வானிலை ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாமே? எல்லோரும் மெச்சினார்கள். கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: "மனுதாரர் வீரம் காட்டியதை இந்தப் பிரிவு மறுக்கவில்லை. காட்டிய நாள் அங்கீகரிக்கப்படாத நாளாகையால், காட்டாததாகக் கருதப்படும்."

தீர்மானத்தின் ஆங்கில நடையைச் சீர்படுத்தியவன் நான்.

ஜூலை நாலாம் தேதி ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். சாட்சி ரிஜிஸ்டர்தான், நான் அதைத் தூக்கிக்கொண்டு போனவன். வராந்தாவில் சைனப் என்னை மறித்தாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல பாத்தவொடனே இவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அது ஒங்க கையெழுத்துன்னு."

ரிஜிஸ்டரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "அப்போ அங்கேயே ஏன் சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பத்துப் பேருக்கு முன்னால நாம சொன்னா அவருக்குக் கொறைச்சலு. நல்ல மனுசன், கோர்ட்டுல அவரே சொல்லுவாரு'ன்னாவ. நீங்க சொல்லுவிய இல்ல?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஆபீஸில் அதை எழுதுவதற்குப் படிவம் கிடையாது.

நீதிபதி ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்:

"இந்தப் பதிவில் தவறு இருக்க இடம் உண்டா?"

குற்றவாளிக் கூண்டிலிருந்து ரஹ்மத்துல்லா என்னைப் பார்த்தார். பரீட்சை எழுதப் போகிறவனைப் பார்ப்பதுபோல், பயப்படாதே என்று கண்ணைக் காட்டினார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாயைத் திறந்தேன். டில்லி ஞாபகம் வந்தது.

"இல்லை, கனம் நீதிபதி அவர்களே. எங்கள் பதிவேட்டில் இதுவரை தவறு நேர்ந்ததில்லை."

மூன்று மாதம் கடுங்காவல். பதக்கம் பறிமுதல். ரஹ்மத்துல்லா கண்ணை என்மேலிருந்து எடுத்துவிட்டு, கால் நொண்ட, போலீஸ்காரரோடு போனார். சைனப் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நல்லவேளை சார், அன்னைக்கு ஆத்துல நீங்க நிக்கலை. நின்னிருந்தா அந்தப் பதினோரு பேரும் வெசாழக்கெழம வரைக்கும் தண்ணியிலயே கெடந்திருப்பாங்க."

நான் நேரே ஆபீஸுக்குத் திரும்பினேன். கடமை இருந்தது. ரஹ்மத்துல்லாவின் பக்கத்தில், பழைய வரிக்குக் கீழே, அதே மணியான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்: "1946 ஜூலை 4. ரஹ்மத்துல்லா. பதக்கத் திருட்டு. மூன்று மாதம்." நாள் பார்க்கவில்லை, நடந்த அன்றைக்கே, நடந்த தேதியையே போட்டேன். அடுத்த மாதம் ஹெட் கிளார்க்காகவும் ஆனேன். ஆய்வுக்கு வந்த டில்லி அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டி, இப்படியல்லவோ எழுத வேண்டும் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அவர்கள் மெச்சிய பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. மேல் வரியில் தேதி ஒன்றுதான் பொய். கீழ் வரியில் தேதி ஒன்றுதான் நிஜம்.