ஒரு ஊசி பாக்கி

"பாட்டிலைத் திறக்க மாட்டாங்களாம். இன்னும் ஏழெட்டுக் குழந்தையாவது வரணுமாம்."

சொல்லிக்கொண்டே மனைவி நர்ஸின் அறையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் அவள் புருஷனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "போடாத ஊசிக்கே இந்த அழுகையா?"

"நான் சாயங்காலம் பஸ் ஏறிடுவேன்னு அதுக்குத் தெரியாதா?"

அவனுக்கும்தான் தெரியும். அவள் தூரத்து டவுனில் ஒரு வீட்டிலேயே தங்கி, அந்த வீட்டுக் குழந்தையை வளர்க்கிறாள். சொந்தக் குழந்தையை அவன் வளர்க்கிறான். லீவு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டுக்கார அம்மா, குழந்தைக்கு ஊசி என்றால் மட்டும் ஒரு நாள் அனுப்புவாள். நர்ஸோ மாதம் ஒரு தடவைதான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். மருந்து பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான்.

மறுநாள் வீட்டுக்கார அம்மாவே போன் செய்தாள். "ஊசி போட்டாச்சா, இல்லையா?"

"இல்லீங்கம்மா."

பொய் அவன் நாக்கில் நிற்காது. பாட்டில் கதை, குழந்தை அழுதது, தான் சூளைக்கு லேட்டாகப் போய் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று கேட்காததையெல்லாம் சேர்த்து ஒப்பித்தான்.

"அப்போ அடுத்த மாசமும் அவ வரணுமா?"

"ஆமாங்கம்மா," என்றான் குற்றவாளி மாதிரி.

அந்த வாரம் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஏக்கக் காய்ச்சல் என்றார்கள். அவனுக்கும் ஏக்கம் இருந்தது, காய்ச்சல்தான் வரவில்லை. கொடியில் அவள் போட்டுவிட்டுப் போன புடவை காய்ந்து நாளாகியும் மடித்து வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஆள் சேர்ப்பது என்று முடிவு செய்து சூளைக் குடிசைகளில் ஏறி இறங்கினான்.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும். புள்ளையைப் பார்த்துக்கிட்டு வீட்ல உக்காந்தா அன்னிக்குக் கூலி போயிடும். நீயா தருவே?" என்றாள் மண் குழைப்பவள்.

"நான் பார்த்துக்கறேன், அக்கா. எல்லாப் புள்ளைங்களையும் நானே பார்த்துக்கறேன்!"

வாய் முந்திக்கொண்டது. அடுத்த ஊசி நாளன்று ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள். மனைவியும் வந்துவிட்டாள். ஊசியைப் பார்த்து ஓட்டமெடுத்த ஒரு வாண்டை அவன் செங்கல் அடுக்குகளுக்குள் துரத்திப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது, அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"தீர்ந்துடுச்சுங்க. வரிசையில நம்ம குழந்தைதான் கடைசி, அதுக்கு மட்டும் இல்ல."

"என்னது!"

"விடுங்க, அடுத்த மாசம் வரேன்."

பஸ் வரும்வரை குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் கெட்டுப்போகக் கூடாதா என்று நினைத்தான். பஸ் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

மறுநாள் அவன் குடிசையில் கால் வைக்க இடமில்லை. சுடுகிற உடம்போடு பிள்ளைகள் வரிசையாகச் சிணுங்கின. ஒன்று அவன் மீசையைப் பிடித்துத் தொங்கியது, இன்னொன்று மடியை நனைத்தது. கூலியும் போயிற்று. அவன் மகள் மட்டும் சுகமாகத் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

காய்ச்சல் மருந்தோடு நர்ஸ் எட்டிப் பார்த்தார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஊர்ப் புள்ளைக்கெல்லாம் போட்டாச்சு, என் புள்ளைக்கு மட்டும் இல்ல. அவ எத்தனை தடவைதான் வெறுங்கையோட திரும்பிப் போவா? நாளைக்கு நானே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம் தம்பி!"

"ஏன் வேண்டாம்? காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்பறேன். அந்த வீட்டம்மாவுக்கும் போன்ல சொல்லிடறேன்."

நர்ஸ் பதறிப்போய் அவன் மகளை அள்ளி எடுத்துக்கொண்டார்.

"சொல்லித் தொலைச்சுடாதே! இவ ஒருத்திக்காகவே பாட்டிலைத் திறந்து முதல் தடவையே போட்டுட்டேன். ஊசி பாக்கி இருந்தாத்தானே தம்பி, உன் சம்சாரத்துக்கு லீவு!"