ஐந்தரை மணி வரை நேற்று

"காட்டுமாடு வழிமறித்தது. செல்வி தாமதம். புதனுக்கு இரண்டு வருகை." கார்த்திகை மாதத்தின் முதல் வியாழக்கிழமைக்கு நேராக என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். இந்த மூன்று வரியை வைத்து ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றக்கூடிய ஆள் பழனி மலை முழுவதும் தேடினாலும் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் தன் சொந்தக் கண்ணையே நம்பாதவர்.

கொடைக்கானலில் ஒரு பேக்கரியின் மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதிய ஆபீஸ் எங்களுடையது. அதில் மூத்தவரைத் தெருவே 'சாட்சி அண்ணன்' என்றுதான் அழைத்தது. "மழை பெய்யுதுண்ணே" என்றால், "சாட்சி?" என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கை நனைந்ததும், "மேல எவனாவது துணி காயப்போட்ருப்பான்" என்று எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போவார். அவரிடம் பன் விற்க வேண்டுமென்றால் பேக்கரிக்காரர் அடுப்பைத் திறந்து காட்ட வேண்டும். மணிக்கட்டில் இரண்டு கடிகாரம், சட்டைப் பையில் ஒன்று. ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்குமாம். மனிதர்களை 'ஏலே' என்பவர், கம்ப்யூட்டரிடம் மட்டும் "அவசரமில்லைங்க, பாத்துட்டே சொல்லுங்க" என்பார்.

அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் போச்சு. "நான் பொறந்ததுக்கு எங்கம்மா ஒண்ணுதாம்லே சாட்சி. அதுவும் பாதி மயக்கத்துல கெடந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஒரு தேதி கெடக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுல அடுத்த நாள் கெடக்கு. எதுக்கு வாழ்த்துற?"

வடகவுஞ்சியில் பீன்ஸும் சௌசௌவும் தரம் பிரித்து லாரி ஏற்றும் ஒரு கொட்டகைக்கு வருகைப் பதிவு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். காலையில் வரும்போது விரலை வைத்தால் போதும். தேதி பார்க்கும் பகுதியை எழுதியது நான். தேதி விஷயத்தில் நான் தப்பே செய்ய மாட்டேன் என்று ஒரு பேர் இருந்தது.

அந்த வியாழக்கிழமை கொட்டகை முதலாளி போனில் கத்தினார். அண்ணனும் நானும் ஜீப்பில் போய் இறங்கினோம். கொட்டகையைத் திறந்து வைப்பவள் செல்வி. நான்கு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் அவள் வரவில்லை என்கிறது பதிவு. அதுவாவது பரவாயில்லை. மலைக்குக் கீழே மார்க்கெட் விடுமுறை என்று சனிக்கிழமை கொட்டகை பூட்டிக் கிடக்கும். அந்தச் சனிக்கிழமைதோறும் அவள் வந்திருக்கிறாளாம்.

"பூட்டுன கொட்டகையில இவளுக்கு என்னங்க சோலி?" என்றார் முதலாளி. சாவி அவர் இடுப்புக்குப் போயிருந்தது. "சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமையிலருந்து வேற ஆளு."

செல்விக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். "சனிக்கிழமை நான் ஆத்துல துணி தொவைக்கேண்ணே. வேணும்னா ஊரையே கேளுங்க. இந்த வாரம் இன்னும் கூத்து. செவ்வாக்கிழமை வரலையாம், புதன்கிழமை ரெண்டு தடவ வந்தேனாம்!"

அண்ணன் மூன்று கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். அவர் கண்டுபிடிக்கப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். "புதன்கிழமை என்னத்தா விசேஷம்?"

"லேட்டாயிருச்சு. காட்டுமாடு ஒண்ணு ரோட்டுல குறுக்க நின்னுருச்சு. நவுருவேனாங்குது. நான் அஞ்சு மணிக்கெல்லாம் வர்றவ, அன்னைக்கு அஞ்சே முக்கால்."

"மத்தவங்க?"

"எல்லாரும் ஆறு மணிக்குத்தான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏலே, இந்தப் புரோகிராமை நீ எத்தன மணிக்குச் சோதிச்ச?"

"ஆபீஸ் வந்ததும்ணே. பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு எழுதி, பத்து மணிக்கே சோதிச்சு, பத்து மணிக்கே டீ குடிச்சிருக்க!"

எனக்கு முகம் சுண்டிப்போனது. இன்று என்ன தேதி என்று சொல்ல நிரல்மொழியிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு. நான் அதைக் கேட்டேன்; எந்த ஊர்த் தேதி என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது கிரீன்விச் தேதியைக் கொடுத்துவிடும். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆக, தினமும் விடிகாலை ஐந்தரை வரை என் புரோகிராமுக்கு நேற்றுதான். ஐந்து மணிக்கு வந்தவளை முந்தின நாளில் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு ஆடி அசைந்து வந்தவர்களை ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. காட்டுமாடு நிறுத்தி வைத்த புதனும், சீக்கிரம் வந்த வியாழனும் சேர்ந்துதான் அந்த இரண்டு வருகை.

உடனே திருத்திவிடலாம் என்றேன். "சாட்சி?" என்றார் அண்ணன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வெள்ளனே, பனியில், கொட்டகை வாசலில் எல்லோரும் நின்றோம். ஐந்து இருபத்தெட்டுக்கு முதலாளியின் விரலைப் பிடித்து அண்ணனே மெஷினில் வைத்தார். திரையில் 'வியாழன்' என்று வந்தது.

"மொதலாளி, நீங்க நேத்தே வந்துட்டீங்க. இன்னைக்கு இன்னும் வரல."

மூன்று கடிகாரமும் ஐந்து முப்பத்தொன்று காட்டியதும் மறுபடி விரலை வைத்தார். 'வெள்ளி.'

வேடிக்கை பார்க்க அன்று முன்னாலேயே வந்திருந்த மூட்டை ஏற்றுபவர்கள் விசிலடித்தார்கள். அண்ணன் லேப்டாப்பைத் திறந்து, "மன்னிச்சுக்கங்க, இந்தப் பய கேள்விய ஒழுங்காக் கேக்கல" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு வரியைத் திருத்தினார். விரல் வைத்த நேரமெல்லாம் மெஷினில் அப்படியே இருந்ததால், பழைய பதிவுகளையும் மறுபடி ஓட்டினார். காலியாகக் கிடந்த வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. சனிக்கிழமைகள் துடைத்துவிட்டதுபோல் காலியாயின. முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் செல்வியிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"இது கொட்டகைச் சாவிதாங்கறதுக்குச் சாட்சி?" என்றாள்.

முதலாளியே போய்ப் பூட்டைப் பூட்டித் திறந்து காட்டினார். அண்ணன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது அவர் பாலசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவர் பிறந்தது பள்ளிக்கூடத் தேதியிலா, ஆஸ்பத்திரித் தேதியிலா என்பதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை. பழைய பதிவேடு கிடைக்கவில்லை. அதனால் இரண்டு நாளும் போன் செய்கிறேன். "சாட்சி?" என்கிறார். "இல்லண்ணே" என்கிறேன்.

ஆனால் இரண்டு நாளும் முதல் மணி அடிக்கும்போதே போனை எடுத்துவிடுகிறார். அதற்கு நானே சாட்சி.