எட்டாம் வார்டின் போர்ச்சுகல்காரன்

இரண்டு நாடுகளையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இந்தியாவில் பஞ்சாயத்து உறுப்பினர், போர்ச்சுகலில் குடிமகன்.

என் அப்பா பிறந்தபோது கோவாவில் போர்ச்சுகல் கொடி பறந்தது. அவர் பிறப்பை லிஸ்பனில் பதிந்து, பிறகு என் பிறப்பையும் பதிந்தால் நானும் போர்ச்சுகல்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். ஒரே சிக்கல்: அந்த பாஸ்போர்ட் கைக்கு வந்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். கூடவே எட்டாம் வார்டின் நாற்காலியும். மூன்று தேர்தலாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அது இல்லாத எவரிஸ்டோவை எனக்கே அடையாளம் தெரியாது.

தைரியம் கொடுத்தவள் என் மனைவி குளோத்தில்தா.

"உங்கப்பா உனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான், எவரிஸ்ட். அதையும் கோட்டை விடப் போறியா?"

"நாற்காலி போயிடுமே?"

"வெளிய தெரிஞ்சாத்தானே? வாங்கி அரிசி டப்பாவுக்குள்ள வை."

"நீயும் என்கூட விண்ணப்பிக்கிறியா?"

"எனக்கெதுக்கு? லிஸ்பனுக்கு நம்ம மீன்காரி வருவாளா?"

உள்ளுக்குள் ஆசை, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மனைவியின் மனதைப் படிப்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதுதான் என் வியாதி.

பாஸ்போர்ட் வந்தது, தூக்கம் போனது. வாசலில் ஸ்கூட்டர் நின்றாலே வியர்த்தது. பயந்தபடியே நடந்தது. நான் வெளிநாட்டுக் குடிமகன் என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை.

யார்? மூன்று முறையும் என்னிடம் தோற்ற பக்கத்து வீட்டு அகோஸ்தின்யோவைத் தவிர யார்? மதில் மேல் எட்டிக் கத்தினேன்.

"நீதானே?"

"என்ன நான்தானே, எவரிஸ்ட்?"

"நான் போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கினதைப் போட்டுக் கொடுத்தது!"

அவன் வாய் திறந்தபடி நின்றான். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"வாங்கிட்டியா? எனக்குத் தெரியவே தெரியாதே! அப்பொலோனியா, ஓடி வாடி! ஃபெனி பாட்டிலை எடுத்துட்டு வா!"

சமையலறைக்குப் போனேன். குளோத்தில்தா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"புகார் கொடுத்தது அகோஸ்தின் இல்லை," என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கொடுத்த புகாரை அவன் எப்படிக் கொடுத்திருப்பான்?"

அங்கேயே உட்கார்ந்தேன்.

"ஏன் குளோத்தில்தா?"

"குழாய்ல தண்ணி வரலைன்னா வார்டு யாரைக் கூப்பிடுது?"

"என்னை."

"உன் பேரைச் சொல்லி என் சமையலறைக் கதவைத் தட்டுது. நீ மத்தியானத் தூக்கத்துல இருப்ப. இன்ஜினியர்கிட்ட போய்க் கத்துறது நான். பதினஞ்சு வருஷமா!"

"கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேனே?"

"போன ரெண்டு தேர்தலுக்கும் 'நான் நிக்கட்டுமா'ன்னு கேட்டேன். ரெண்டு தடவையும் 'டீ ஆறிப்போச்சு'ன்ன."

விட்டுக் கொடுத்திருப்பேனா? அன்று முழுக்க என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி கேட்டார்: "போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருக்கா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. என் வாயாலேயே எல்லாம் கேட்டிருந்த அகோஸ்தின்யோ ஜன்னல் வழியே கையசைத்தான்.

"இருக்கு," என்றேன்.

நாற்காலி காலியானது. இடைத்தேர்தல் வந்தது. அகோஸ்தின்யோவை எதிர்த்து குளோத்தில்தா நின்றாள். வீடு வீடாகப் போனாள். அவன் வீட்டையும் விடவில்லை. அவன் மனைவி அப்பொலோனியாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம், எப்படியும் நம் வீட்டுக்கும் வருவாள் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கேட் அருகே நின்றேன். சட்டென்று சரி என்று சொல்லிவிடக் கூடாது, கொஞ்சம் கெஞ்ச விட வேண்டும் என்று திட்டம். கூட்டத்தோடு வந்தவள் என்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"குளோத்தில்தா! என்கிட்ட ஓட்டு கேக்கலையே?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு ஏது ஓட்டு?"