கரையூரில் கொலை எதுவும் நடக்கவில்லை

கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்களும் தேக சுகத்தோடு இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்ளுகிறேன். நாங்களும் சுகம். அப்பாவும் அம்மாவும் இப்போது நித்திரை. அப்பாவின் குறட்டை கேட்கும்வரை நான் எழுதலாம்; குறட்டை நின்றால் விளக்கை ஊதிவிட்டுப் பாயில் விழுந்துவிடுவேன். ஆகையால் எங்காவது வசனம் அறுந்து போயிருந்தால் அது என் படிப்பின் குறையல்ல என்று கொள்ளவும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. ஆனால் நான் எழுதப்போவது உண்மை என்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

சென்ற மாதம் தங்கள் பத்திரிகையில் 'நீதிநேசன்' என்பவர் எங்கள் அயலாகிய கரையூரைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே ஆண்கள் பட்டப்பகலில் படுத்துக் கிடக்கிறார்கள், பெண்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், இரத்தம்போலச் சிவந்த எதையோ பெரிய கிடாரங்களில் காய்ச்சுகிறார்கள், பின்னேரத்தில் ஒரு வீட்டு வளவுக்குள்ளிருந்து "இவன் தலையை வாங்குங்கள்" என்ற கூக்குரலும் ஒரு பெண்ணின் ஒப்பாரியும் கேட்கின்றன, பொலிசார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தார். அடுத்த கிழமை 'கடற்கரைவாசி' என்பவர் அதற்குப் பதில் எழுதினார். அன்றிலிருந்து இருவரும் மாறி மாறி எழுதுகிறார்கள், தாங்களும் மாறி மாறிப் பிரசுரிக்கிறீர்கள். ஐயா, அவர்கள் இருவரும் ஒருவரே. அவர் என் அப்பா. இரண்டு பேருடைய கடிதங்களையும் பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாற்பெட்டியில் போடுகிறவள் நான்.

அப்பாவின் பெயர் சீவரத்தினம். அவருக்கு, வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசியாரிடம் மனுக்கள் எழுதும் உத்தியோகம். விடிந்தால் பொழுதுபட்டால் களவு, கொலை, வேலிச் சண்டை இவைகளையே எழுதுகிறவர். நாங்கள் நீர்வேலியில் இருந்தோம். நான் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மேலே படிப்பதற்காகவும் அப்பாவின் அலைச்சல் குறைவதற்காகவும் இங்கே வீடு எடுத்தோம். வீட்டின் முன்வாசல் பட்டணத்தைப் பார்த்திருக்கும், பின்வேலி கரையூரைப் பார்த்திருக்கும். எங்கள் சொந்தக்காரர் பின்வேலியைப் பற்றி மாத்திரமே கேட்டார்கள். "கரையூரோ? பிள்ளையையும் கொண்டோ போறியள்?" என்று பினாங்குக்குக் கப்பலேறுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு மாமி என்னைக் கட்டிப் பிடித்து அழவும் செய்தாள்.

வந்த முதற் கிழமை அப்பா வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து, முழுகி, திருநீறு பூசிக்கொண்டு, பின்வளவில் நின்று உச்சக் குரலில் தேவாரம் பாடினார். கரையூரில் ஆண்கள் இரவில் கடலுக்குப் போய் விடியற்புறம் கரை சேர்ந்து, மீனை இறக்கிவிட்டு, வலையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு அப்போதுதான் தலை சாய்க்கிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பகலில் அந்தத் தெருக்களில் குழந்தை அழுதாற்கூட, "சத்தம் போடாதை, அப்பா கடலாலை வந்து படுத்திருக்கிறார்" என்று வாயைப் பொத்துவார்கள். அப்பா பாடிய நாள் தொடக்கம் கரையூரின் ஒரு பகுதி நித்திரையில்லாமல் கடலுக்குப் போனது. அவர்களில் ஒருவராவது தங்கள் பத்திரிகைக்கு எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பின்வேலிக்கு அப்பால் இருக்கிற சந்தியோகு மாமா மாத்திரம் ஒருநாள் வேலியருகே வந்து, கொட்டாவி விட்டபடி, "ஐயாவுக்கு வடிவான குரல். ஒரு மத்தியானம் போலப் பாடினால் நாங்களும் எழும்பி இருந்து கேப்பம்," என்றார். அப்பா அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு மறுநாள் இரண்டு பதிகம் கூட்டிப் பாடினார்.

சந்தியோகு மாமாவின் மனைவி லூர்த்தம்மா மாமி. அவர்கள் கத்தோலிக்கர். அவர்களுடைய மகள் மக்டலீன் என்னுடைய வகுப்பு. லூர்த்தம்மா மாமி கதைத்தால் கடற்காற்றை மேவிக் கேட்கும். அதைத்தான் நீதிநேசன் சண்டை என்று எழுதினார். உண்மையில் அவர் அன்று தன் தங்கச்சியிடம் தேகசுகம் விசாரித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி மூன்றாம் தெருவில் நின்றாள். கிடாரத்தில் காய்ச்சுகிற சிவப்பு, வலைக்கு ஏற்றுகிற சாயம். மரப்பட்டையை அவித்து அதிலே வலையைத் தோய்த்தால் உப்புத் தண்ணீரில் நூல் உக்காது. முதலில் அந்தக் கிடாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து படுத்துக்கொண்டவள் என் அம்மா. பிறகு தன்னுடைய பழைய சேலை ஒன்றை அதிலே தோய்த்து வாங்கியவளும் அவளே.

அம்மாவுக்கும் லூர்த்தம்மா மாமிக்கும் சிநேகிதம் பிடித்தது வெள்ளிக்கிழமை மீனால். அதையும் எழுதுகிறேன். நாங்கள் வந்த முதல் வெள்ளி, மாமி ஓலைப்பெட்டியில் விளைமீன் கொண்டுவந்தார். "இண்டைக்கு வெள்ளி, இறைச்சி தொடக்கூடாத நாள். நீங்களும் சுத்தபத்தமான ஆக்கள். அதுதான் பாத்துப் பொறுக்கின மீன்," என்றார். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மீன்சட்டி வளவு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். அம்மா மறுக்கத் தெரியாமல், பெட்டியைப் பிடித்த இரண்டு விரலைத் தவிர மற்ற விரல்களை எல்லாம் ஆகாயத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவின் சிரிப்பைக் கண்ட மாமி அடுத்த வெள்ளி இன்னும் பெரிய மீன் கொண்டுவந்தார். அதற்கடுத்த வெள்ளி வந்த மீனுக்கு எங்களிடம் பாத்திரமே இல்லை. அப்போதுதான் அம்மா அழுவாரைப்போல, "அக்கா, வெள்ளியிலை நாங்கள் மீன் தொடமாட்டம்," என்றாள். மாமி திகைத்துப்போய், "மீனையோ? உங்கடை சாமிக்கு மீன் என்ன செய்தது?" என்று கேட்டார். இரண்டு பேரும் குசினி வாசலில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள். இப்போது மீன் வியாழக்கிழமை வருகிறது. நீர்வேலியிலிருந்து வரும் வாழைக்குலையில் பாதி வேலிக்கு அப்பால் போகிறது.

இனிக் கொலைக்கு வருகிறேன். அது கூத்து, ஐயா. கோயில் திருநாளுக்கு ஆடுகிற நாட்டுக்கூத்து. ஒரு கொடிய அரசன் கிறிஸ்து வேதத்தை விடாத ஒரு வாலிபனின் தலையை வெட்டுவிக்கிற கதை. இரவில் ஆண்கள் கடலுக்குப் போகிறபடியால் ஒத்திகை பின்னேரத்தில் சந்தியோகு மாமாவின் வளவில் நடக்கிறது. சந்தியோகு மாமாதான் அரசன். ஒப்பாரி வைக்கிற தாய் கனிசியஸ் என்பவர். மீசையை எடுக்கமாட்டேன் என்று அவர் அண்ணாவியாரோடு இன்னமும் வழக்காடிக்கொண்டிருக்கிறார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் செபமாலை, மத்தளத்தை அடித்து, "கோவம் வரட்டும்! உது என்ன, மீனுக்கு விலை கேக்கிறமாதிரி?" என்று கத்துவார். முதல் ஒத்திகையன்று அப்பா வேலையால் வந்து சட்டையைக் கழற்றும்போது "பிடித்துக் கட்டுங்கள், இவன் தலையை வாங்குங்கள்" என்று கேட்டது. அப்பா முன்கதவைச் சாத்தி, உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அம்மா பின்பக்கத்தால் போய் வேலிப் பொட்டுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வெட்டுப்படப்போற பொடியன் இருந்து வாழைப்பழம் தின்னுறான்."

"கடைசி ஆசையாக்கும்," என்றார் அப்பா.

அன்றே நீதிநேசன் பிறந்தார். காலையில் நான் கடிதத்தைத் தபாலில் போட்டேன். மத்தியானம் மக்டலீன் கூத்தைப் பற்றிச் சொன்னாள். நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னபோது அவர், "போட்ட கடிதம் போட்டதுதான். அவங்கள் உதைப் பிரசுரிக்க மாட்டாங்கள்," என்றார். தாங்கள் பிரசுரித்துவிட்டீர்கள்.

கடிதம் அச்சில் வந்த மறுநாள் பின்னேரம் செபமாலை அண்ணாவியாரும் சந்தியோகு மாமாவும் எங்கள் முன்வாசலுக்கு வந்தார்கள். மாமாவின் தலையில் பொன்காகிதக் கிரீடம், இடுப்பில் மரவாள். அப்பா எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

"ஐயா, ஒரு உதவி," என்றார் அண்ணாவியார். "ஆரோ நீதிநேசனாம், எங்களைக் கண்டபாட்டுக்கு எழுதிப்போட்டான். உங்களைப்போல எழுதத் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்திலை வேறை இல்லை. ஒரு பதில் எழுதித் தரவேணும்."

"நல்ல காரமாக் குடுங்கோ," என்றார் மாமா. "அவன்ரை காது சிவக்கவேணும்."

அப்பாவின் காது அப்போதே சிவந்திருந்தது. மெதுவாக நாலு வரி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு மெதுவாக எழுத வராது. அண்ணாவியார் ஒவ்வொரு வரிக்கும் "ஆகா" என்றார். கடைசியில் கடற்கரைவாசி, நீதிநேசனை வேலிக்குள் ஒளிந்து நின்று குரைக்கிற பிராணி என்று எழுதிவிட்டார். அது அச்சில் வந்த அன்று அப்பா பத்திரிகையை மேசையில் அடித்தார்.

"ஆர் இவன் கடற்கரைவாசி? என்ன திமிர்!"

"இஞ்சாருங்கோ, அது நீங்களெல்லோ?" என்றாள் அம்மா.

"தெரியும்! எண்டாலும் ஒரு மரியாதை வேண்டாமே?"

அன்று பின்னேரமே நீதிநேசன் பதில் எழுதினார். கரையூருக்குச் சரித்திரம் என்று ஒன்று உண்டா, நேற்று முளைத்த குடிசைகள்தானே என்று கேட்டார். பிறகு அதற்குக் கடற்கரைவாசி மறுமொழி சொல்ல வேண்டியிருந்தபடியால், சரித்திரம் விசாரித்து வா என்று அப்பா என்னையே அனுப்பினார். நானும் மக்டலீனும் வீடு வீடாகப் போனோம். ஒல்லாந்தர் காலத்தில் தடை செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கக் குருமார் வேடம் மாறி ஒளிந்து திரிந்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். கரையூரில் எந்த வீட்டைக் கேட்டாலும் அப்படி ஒரு குருவை ஒளித்து வைத்தது தங்கள் வீட்டில்தான் என்கிறார்கள். ஒரு வீட்டில் கட்டுமரத்துக்குக் கீழே, ஒரு வீட்டில் வலைக் குவியலுக்குள். லூர்த்தம்மா மாமி, அவர் ஒளிந்திருந்தது இதற்குள்தான் என்று ஒரு மண்சாடியைக் காட்டினார். அதற்குள் என்னுடைய ஒரு கால்தான் போகும். "அவர் மெலிஞ்ச மனுசன்," என்றார் மாமி, சற்றும் யோசிக்காமல். சாடி பொய்யாக இருக்கலாம், ஐயா. ஆனால் சவுக்கடிக்குப் பயப்படாமல் ஒருவரை ஒளித்து வைத்த ஊரென்றுதான் ஒவ்வொரு வீடும் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புகிறது. பணக்காரராக இருந்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதைக் கடற்கரைவாசி எழுத மறந்துவிட்டார், நீதிநேசனைத் திட்டவே அவருக்கு இடம் போதவில்லை.

இப்போது வந்திருக்கிற ஆபத்து இதுதான். வருகிற சனிக்கிழமை திருநாள். கூத்துக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இந்தக் கடிதச் சண்டை ஓயும்வரை அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கூத்து நின்றால் நீதிநேசனைத் தேடிப் பிடிப்போம் என்று கரையூரில் பேச்சு. பிடித்தால் நாங்கள் இந்தத் தெருவில் எப்படி முகத்தைக் காட்டுவது? அம்மா இப்போதே சொல்லுகிறாள், "ஒரு சொல் வெளியிலை வந்தால் அண்டைக்கே நீர்வேலிக்கு வண்டி." நீர்வேலிக்குப் போனால் என் படிப்பு முடிந்தது. வாத்திச்சியார் வேலைக்குப் படிக்கலாம் என்று எங்கள் தலைமை ஆசிரியை சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருத்தி, மக்டலீனும் ஒருத்தி. நீர்வேலியில் இருந்தால் எனக்கு ஒரு கலியாணத்தைப் பேசி முடித்துவிடுவார்கள். ஆகையால் தயவுசெய்து இனி நீதிநேசனையும் பிரசுரிக்க வேண்டாம், கடற்கரைவாசியையும் பிரசுரிக்க வேண்டாம். நான் மேலே எழுதியவற்றில் அப்பா வருகிற இடங்களை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பிரசுரித்தால் பொலிசாரின் கண் திறக்கும். கரையூரில் கொலை இல்லை. உழைத்துவிட்டு உறங்குகிற மனிதரும், நல்ல மீனும், உரத்த குரலும்தான் உண்டு. இதை எந்தக் கோட்டுக் கூண்டிலும் ஏறிச் சொல்ல நான் ஆயத்தம், பகலாக இருந்தால்.

குறட்டை சற்று மாறுகிறது. தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் சகல மங்களமும் உண்டாகவும் வேண்டி, தங்கள் பாதத்துக்கு வணக்கம் செலுத்துகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த,
சீ. சிவக்கொழுந்து
(பெயரை அச்சிட வேண்டாம்)

பி.கு.: விடிந்துவிட்டது. உறையில் முத்திரையும் ஒட்டியாயிற்று. பள்ளிக்கூட வழியில் என்னால் பொறுக்க முடியாமல் மக்டலீனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் சிரிக்கிறாள், ஐயா. "எடி, உது எங்களுக்கு முதல் நாளே தெரியும். உங்கடை வீட்டாலை இல்லாமல் வேறை ஆர் வீட்டாலை எங்கடை வளவு தெரியும்?" என்கிறாள். "பிறகேன் அப்பாட்டை வந்து எழுதித் தரச் சொன்னவை?" என்று கேட்டேன். "ஐயாவை எதிர்த்து எழுத ஐயாவை விட்டால் ஆர் இருக்கினம் எண்டு அண்ணாவியார்தான் சொன்னவர்." பொலிஸ் அனுமதியும் போன கிழமையே கிடைத்துவிட்டதாம். இன்ஸ்பெக்டர் ஒத்திகைக்கு வந்து, கனிசியசின் ஒப்பாரிக்கு அழுதுவிட்டுப் போனாராம். சொன்னால் அப்பா எழுதுவதை நிறுத்திவிடுவார் என்றுதான் மறைத்திருக்கிறார்கள். தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு, இந்தக் கொலையைப் பார்க்கச் சாவகச்சேரியிலும் வட்டுக்கோட்டையிலுமிருந்து சனம் வண்டி பேசிக்கொண்டு வருகிறதாம். "சனிக்கிழமைக்கு முன்னம் இன்னொண்டு எழுதச் சொல்லு. போன முறை காரம் காணாது எண்டு எங்கடை அப்பா சொன்னவர்," என்கிறாள்.

ஆகையால் மேலே உள்ளதைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடவும். நீதிநேசனின் புதுக் கடிதம் ஒன்று, அப்பா இன்று காலை தபாலில் போடத் தந்தது, இந்த உறைக்குள்ளேயே வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பிரசுரித்தால் புண்ணியம். அதிலே காரம் கூட்டிச் சேர்த்த கடைசி இரண்டு வரியும் என்னுடையவை. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.